தொட்டிச் செடிக்கு எந்த இரும்பு?



செங்கல்பட்டில் எங்கள் வீட்டு போர் தண்ணீரை விடியற்காலையில் வாளியில் பிடித்தால் பளிங்கு மாதிரி இருக்கும். பத்து மணிக்கு எட்டிப் பார்த்தால் அடியில் காவி நிறத்தில் படிவு. வெள்ளைத் துணி துவைக்கிறவர்களுக்கு அது தொல்லை. மீன்தொட்டியில் செடி வளர்க்கிறவர்களுக்கு அந்த வாளிதான் முதல் பாடம். பூமிக்குள் காற்றுப் படாதவரை கரைந்திருந்த இரும்பு, மேலே வந்து காற்றுப் பட்டதும் துருவாகிக் கீழே உட்கார்ந்துவிட்டது. அந்தத் துருவை இலையால் உறிஞ்ச முடியாது. பார்த்து வாங்காவிட்டால், கடையில் வாங்கி ஊற்றும் இரும்பு உரத்துக்கும் தொட்டிக்குள் இதே கதிதான்.

செடிக்கு இரும்பு போதவில்லை என்பதைக் குருத்து சொல்லும். புது இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். பழைய இலையில் உள்ள இரும்பைச் செடியால் எடுத்துக் குருத்துக்கு அனுப்ப முடியாது; அதனால்தான் பஞ்சம் புது இலையில் தெரிகிறது. அடியிலுள்ள முதிர்ந்த இலை மஞ்சளானால் பெரும்பாலும் தழைச்சத்துக் குறைவு. அதற்கு இரும்பு ஊற்றிப் பயனில்லை.

நிலக்கடலை போடும் விவசாயிகளுக்கு இந்த வெளுப்பு பழக்கமானது. அன்னபேதி என்ற இரும்பு உப்பை ஒரு சதவீதக் கரைசலாக்கி இலையில் தெளிப்பார்கள். விலையும் குறைவு. அதையே தொட்டியில் கரைக்கலாமே என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம். தெளிக்கும்போது மருந்து நேரே இலைமேல் விழுகிறது. தொட்டியில் ஊற்றினால், நம் பக்கத்துக் கடினத் தண்ணீரில் இலையைச் சேருமுன் பெரும்பகுதி துருவாகிவிடும்.

அதற்காகத்தான் இரும்பைப் பிடித்து வைத்திருக்கும் கீலேட் உரங்கள் வந்தன. கிரேக்க மொழியில் அந்தச் சொல்லின் வேர் நண்டுக் கொடுக்கைக் குறிக்கும். கோவளம், மாமல்லபுரம் மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தப் பிடி எப்படிப்பட்டது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எல்லாக் கொடுக்கும் ஒரே பலமில்லை. உரக்கடையில் சுலபமாகக் கிடைப்பது ஈடிடிஏ இரும்பு. தண்ணீரின் பி.எச். 6.5, மிஞ்சினால் 7 வரைதான் அதன் பிடி நிற்கும். அதற்கு மேலே போனால் சுண்ணாம்புச்சத்து உள்ளே புகுந்து இரும்பை வெளியே தள்ளிவிடும். டிடிபிஏ என்று, நடுவில் 'பி' எழுத்து வரும் வகை 7.5 வரை தாங்கும். ஈடிடிஹெச்ஏ 9 வரைகூடத் தாங்கும்; ஆனால் தண்ணீரைச் சிவப்பாக்கிவிடும். போர் தண்ணீரில் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு டிடிபிஏதான் சரி என்பது என் தீர்மானமான கருத்து. புட்டியின் முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள்.

கடற்கரை மணலை அள்ளிவந்து தொட்டியில் பரப்புகிறவர்களும் உண்டு. அதில் ஒரு பிடி எடுத்து எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் கிளிஞ்சல் தூள் கலந்திருக்கிறது. அது கரையக் கரையத் தண்ணீரின் கடினம் ஏறும், கொடுக்கின் பிடி தளரும்.

அளவு மிகச் சிறியது. லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் இரும்பு போதும். 11 சதவீத டிடிபிஏ தூள் ஒரு கிராமை அரை லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து, அதில் 50 மில்லியை 100 லிட்டர் தொட்டிக்கு விட்டால் கணக்குச் சரியாக வரும். கரைசலை இருட்டில் வையுங்கள், வெளிச்சம் கீலேட்டைச் சிதைக்கும். மணிச்சத்து விடும் நாளில் இரும்பு வேண்டாம். இரண்டும் சேர்ந்து படிந்துவிடும்.

மாங்கனீசு, துத்தநாகம், போரான், மாலிப்டினம், தாமிரம் எல்லாம் செடிக்கு இரும்பைவிடச் சொற்பமாகவே தேவை. வயலுக்கான நுண்ணூட்டக் கலவையைத் தொட்டியில் போடாதீர்கள். அதிலுள்ள தாமிரம் இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். நான் ஒருமுறை போட்டேன். மறுநாள் காலை கண்ணாடியில் ஒட்டியிருந்த நத்தைகள் எல்லாம் மண்ணில் கிடந்தன. இன்னும் மனசு கேட்கவில்லை.

கொட்டி, கிரிப்டோகோரைன் மாதிரி வேரால் நன்றாக உண்ணும் செடிகளுக்கு இன்னொரு வழி இருக்கிறது: இரும்பை அடிமண்ணிலேயே வைப்பது. நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-இல் கற்கருவியைக் கண்டெடுத்த பல்லாவரத்துச் செம்பொறைச் சரளை நினைவிருக்கிறதா? அந்தச் செம்மைக்குக் காரணமே இரும்புதான். ஐரோப்பாவில் தொட்டி வளர்ப்போர் இந்த வகைச் செம்பொறையை விலைக்கு வாங்கி அடிமண்ணில் கலந்தார்கள். காற்றில்லாத சேற்றில் துரு மறுபடி கரையும் இரும்பாகிறது, வேர் எடுத்துக்கொள்கிறது. நாற்றுப் பிடுங்கும்போது நெல்வேரில் காவி பூசியிருக்குமே, சேற்றில் அப்படிக் கரைந்த இரும்பு வேரருகே மறுபடி துருவானதுதான் அது. செம்பொறைத் தூளைக் களிமண்ணில் பிசைந்து சிறு உருண்டையாக்கி வேரடியில் புதைத்தால் போதும்.

உரம் விட்டபின் மஞ்சளான பழைய இலையைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள், அது தேறுவது அரிது. இரண்டு வாரம் கழித்து, அதற்கப்புறம் விரிந்த குருத்தை மட்டும் பாருங்கள்.