சாவியைத் திருப்பியும் கார் அசையாவிட்டால்

நள்ளிரவு. லயத்தில் ஒரு குழந்தைக்குக் கடும் காய்ச்சல், வலிப்பும் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் தம் பழைய காரை எடுக்க ஓடுகிறார். சாவியைத் திருப்புகிறார். இஞ்சின் சுற்றவே இல்லை. அப்போது காரை ஆராய்ந்து கொண்டிருக்கலாகாது. 999-க்கு அழைக்க வேண்டும். வேறு வண்டி தேட வேண்டும். காரை ஆராய ஏற்றது பகல் வேளை. அதைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

இஞ்சின் நன்றாகச் சுற்றியும் பற்றிக்கொள்ளாமல் இருந்தால், அது பெட்ரோலோ தீப்பொறியோ எட்டாத கோளாறாக இருக்கலாம். சுற்றவே மறுப்பது வேறு. இதற்குப் பாட்டரி, அதன் கம்பிகள், ஸ்டார்ட்டர் மோட்டார் ஆகிய மூன்றையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

"விளக்கு எரிகிறதே, பாட்டரி நன்றாகத்தானே இருக்கிறது?" என்று நம்மில் பலர் கேட்கிறோம். சாதாரண முன்விளக்குகள் இரண்டுக்கும் ஏறக்குறைய 10 ஆம்பியர் மின்சாரம் போதும். ஸ்டார்ட்டருக்கோ 100 ஆம்பியருக்கு மேல் வேண்டும். சொட்டுச் சொட்டாக ஒழுகும் குழாயில் ஒரு செம்பு நிரம்பும். லயம் முழுவதும் குளிக்க முடியுமா?

எனவே கைப்பிரேக்கை இழுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, காருக்குள் இருக்கும் கூரை விளக்கைப் போடுவோம். பிறகு சாவியைத் திருப்புவோம்.

விளக்கு மங்கினாலோ, "டக்டக்" என்று தொடர்ந்து ஓசை வந்தாலோ, பாட்டரி பலவீனமாக இருக்கலாம். அல்லது கம்பி இணைப்பு தளர்ந்திருக்கலாம். விளக்கு மங்காமல் ஒரே ஒரு "டக்" கேட்டால், ஸ்டார்ட்டர் பக்கம் பழுது; பட்டறைக்குப் போக வேண்டியதுதான். விளக்கு பிரகாசமாக இருந்தும் ஓசையே இல்லையா? ஆட்டோமேட்டிக் காரானால் கியர் 'பி' அல்லது 'என்' நிலையில் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

விளக்கு மங்கியதுமே புதுப் பாட்டரிக்குப் பணம் எடுத்து வைக்க வேண்டாம். பாட்டரி முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா? முதலில் கழித்தல் குறியுள்ள கம்பியைக் கழற்றுங்கள். பிறகு கூட்டல் குறியுள்ளதை. சோடா மாவு கரைத்த நீரும் பழைய பல்துலக்கியும் கொண்டு தேய்த்து, துடைத்து உலர்த்துங்கள். மாட்டும்போது கூட்டல் முதலில், கழித்தல் கடைசியில். நன்றாக முடுக்குங்கள். பாட்டரி அருகே சிகரெட்டோ நெருப்போ கூடவே கூடாது. அதிலிருந்து வரும் வாயு வெடிக்கக் கூடியது. உள்ளே இருப்பது அமிலம். கண்ணிலும் தோலிலும் படாமல் பார்த்துக் கொள்ளுங்கள்.

அதன் பிறகும் கார் மறுத்தால், பாட்டரியைச் சோதிக்கச் சொல்லுங்கள். நிறைந்த பாட்டரி, இஞ்சின் ஓடாதபோது சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டுக்குக் கீழ் என்றால் சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று பொருள். சார்ஜ் ஏற்றியும் மீண்டும் மீண்டும் தீர்ந்தால், ஆல்டர்னேட்டரையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

நேயர்களே, இந்த ஞாயிற்றுக்கிழமையே காரின் மூடியைத் திறப்போம். வீட்டுப் பெண்களும் வளர்ந்த பிள்ளைகளும் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். பகலில் செலவழிக்கும் அரைமணி நேரம், ஓர் இரவில் ஓர் உயிரைக் காக்கலாம் அல்லவா?