கடைசி பெஞ்சுக்கும் எட்டட்டும்
(சபைப் பிரதிநிதிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மிஷனரி ஞாயிறு, ஆண்டுக் கூட்டம், வாலிபர் முகாம் என்று உங்கள் சபைகளில் படக்காட்சிகள் நடக்கின்றன. அவற்றின் கடைசி ஸ்லைடில் இந்நாட்களில் ஒரு க்யூ.ஆர். கோடும் இடம்பெறுகிறது. அறிக்கையைப் படிக்கவும், காணிக்கை அனுப்பவும் அது ஒரு வாசல். முன்வரிசையில் இருப்பவருக்குத் திறக்கும் அந்த வாசல், கடைசி பெஞ்சில் இருக்கும் முதியவருக்கு மூடியிருக்கலாகாது. இதைக் குறித்தே சில வார்த்தைகள்.

ஜப்பானியப் பொறியாளர் மசாஹிரோ ஹாராவும் அவரது குழுவினரும் 1994ஆம் ஆண்டு மோட்டார் வாகன உதிரி பாகங்களைக் கணக்கு வைப்பதற்காக இதை உருவாக்கினார்கள். அருகிலிருந்து படிப்பதற்கென்று பிறந்ததை நாம் தூரத்திலிருந்து படிக்கச் சொல்கிறோம். ஆகவே அளவு முக்கியம். பத்து மீட்டர் தூரத்தில் இருப்பவருக்குத் திரையில் ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலமுள்ள கோடு வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. மூலையில் சிறிதாக வைத்தால் போதாது. அதற்கென்று தனி ஸ்லைடு ஒன்றை ஒதுக்குவோம்.

கோடுக்குள் அடைக்கும் எழுத்துகள் கூடக்கூட அதன் கட்டங்களும் பெருகும். மிகச் சிறிய கோடில் 21க்கு 21 கட்டங்கள். மிகப் பெரியதில் 177க்கு 177. முகவரி சுருக்கமாயிருந்தால் ஒவ்வொரு கட்டமும் பெரிதாகத் தெரியும். வெள்ளைப் பின்னணியில் கறுப்பே நல்லது. சுற்றிலும் நான்கு கட்ட அகலத்துக்கு வெற்றிடம் வேண்டும். மூன்று மூலைகளிலுள்ள சதுரங்களைக் கொண்டே கேமரா கோடை அடையாளம் காண்கிறது. அவற்றின்மேல் எதையும் வைக்க வேண்டாம்.

ஸ்லைடைக் காட்டியதும் மாற்றிவிடாதீர்கள். கண்ணாடியைத் தேடி, செல்போனை எடுத்து, கேமராவைத் திறக்க வயதானவர்களுக்கு நேரம் வேண்டும். ஒரு நிமிடமாவது அது திரையில் நிற்கட்டும். கோடின் கீழே முகவரியை எழுத்திலும் தாருங்கள். ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்கு ஒரு அச்சிட்ட சீட்டு கையில் கிடைக்கட்டும்.

காணிக்கைக்கான கோடானால் இன்னும் கவனம் தேவை. ஸ்கேன் செய்ததும் செல்போனில் யார் பெயர் வரவேண்டும் என்பதை மேடையிலிருந்தே வாசித்துச் சொல்லுங்கள். பெயர் வேறாயிருந்தால் பின் எண்ணை அழுத்தவேண்டாம் என்றும் சொல்லுங்கள். பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையில்லை, அனுப்புவதற்கே தேவை. சுவரில் ஒட்டிய கோடின்மேல் வேறொன்றை ஒட்டி ஏமாற்றுவோர் உண்டு என்பதையும் மறவாதிருப்போம்.

வேறொரு நிறுவனத்தின் வழியாகச் சுற்றிச் செல்லும் கோடுகள், அதற்குரிய சந்தா முடிந்தால் செயலிழந்துபோகலாம். நம் முகவரிக்கே நேராகச் செல்லும் கோடே நீடித்து நிற்கும்.

அடுத்த படக்காட்சி தொடங்குமுன், உங்களில் ஒருவர் கடைசி பெஞ்சில் போய் அமர்ந்து செல்போனை நீட்டிப் பாருங்கள். அங்கே திறந்தால், எல்லாருக்கும் திறக்கும்.