பெற்றோர் செய்யும் தொழிலும் பிறக்கும் ஆண்மகவும்

 

இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் அவையில் பேசக் கூசும் பொருள். ஆயினும் நாம் கூசி வாய்மூடியிருந்தால் துன்புறுவது குழந்தையே. ஆதலின் பேசுவோம்.

ஆண் குழந்தைகளுள் சிலர், சிறுநீர்த் துவாரம் ஆண்குறியின் நுனியில் இல்லாமல் அடிப்புறத்தில் அமையப் பிறக்கின்றனர். சிலருக்கு விதை பைக்குள் இறங்குவதில்லை. இவற்றைக் கண்டதும் நாம் என்ன சொல்கிறோம்? "கிரகணத்தன்று வெளியே வந்தாள்" என்கிறோம், "முன்வினை" என்கிறோம். பழி முழுவதும் பெற்றவள் தலையில் விழுகிறது.

அறிவியல் கூறுவது வேறு. கருவுற்ற மூன்றாம் மாதத்தை ஒட்டிய சில வாரங்களில்தான் ஆண்மகவின் உறுப்பு உருப்பெறுகிறது. அதனை உருவாக்குவது, கருவிலேயே சுரக்கும் ஆண் ஹார்மோன். இரசாயனப் பொருள்கள் சில, தாயின் உடல்வழிக் கருவை அடைந்து, அந்த ஹார்மோனின் வேலையைக் கெடுக்க வல்லவை.

பிரான்சு நாட்டின் தென்பகுதியில் நடைபெற்ற ஓர் ஆய்வு 2015-இல் வெளிவந்தது. சிறுநீர்த் துவாரக் குறையுடன் பிறந்த 408 சிறுவர்களை, அக்குறையில்லாத 302 சிறுவர்களோடு மருத்துவர்கள் ஒப்பிட்டனர். கருவிலிருந்தபோது இத்தகைய இரசாயனங்களின் தொடர்புக்கு உள்ளானோர் முன்னவருள் நூற்றுக்கு 40 பேர். பின்னவருள் ஏறத்தாழ 18 பேர். வண்ணப்பூச்சு, கரைப்பான், பசை ஆகியவை முதலிடத்தில் நின்றன. சலவைப் பொருள்களும் பூச்சிமருந்தும் அடுத்து வந்தன.

ஒவ்வொரு குறைக்கும் தொழிலே காரணம் என்று இது தீர்ப்பளிக்கவில்லை. பரம்பரை முதலிய காரணங்களும் உண்டு. ஆனால், எண்ணிப் பாருங்கள்: சுவருக்கு வண்ணம் அடிப்பவர் யார்? கழிப்பறை கழுவுபவர் யார்? வயலில் மருந்து தெளிப்பவர் யார்? பெரும்பாலும் நம் மக்கள் அல்லரோ? வேலையிடத்து நஞ்சை ஆராயாமல், அங்கு உழைத்த தாயைக் குற்றவாளியாக்குவது நீதியாகுமா?

செய்ய வேண்டுவன சில. கருவுற்றதை அறிந்தவுடனே தாய் அவ்வேலையிலிருந்து மாற்றம் கேட்க வேண்டும். வயிறு தெரியும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். தந்தையும் குளித்து, உடை மாற்றியபின் வீட்டுக்குள் வரவேண்டும். வேலைத் துணியைத் தனியே துவைக்க வேண்டும். குழந்தை பிறந்ததும் உறுப்பைப் பார்க்கச் செய்யுங்கள். ஆறு மாதமாகியும் விதை இறங்காவிடில் மருத்துவரிடம் காட்டுங்கள். இக்குறைகள் பெரும்பாலும் அறுவை மருத்துவத்தால் சீர்படுபவை. மறைத்து வைத்தால்தான் கேடு.

1928-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் பேறுகால உதவி மசோதாவை ஆதரித்து அண்ணல் அம்பேத்கர் பேசினார். பெண்ணின் உழைப்பால் பயன்பெறும் முதலாளி, அவளது பேறுகாலச் சுமையிலும் பங்கேற்க வேண்டும் என்பது அவர் வாதம். போபால் கொடுமைக்குப் பின், 1987-இல் திருத்தப்பெற்ற தொழிற்சாலைச் சட்டம், வேலையிடத்தின் ஆபத்துகள் பற்றிய விவரத்தைக் கேட்டறியும் உரிமையைத் தொழிலாளிக்கு எழுத்திலேயே வழங்கியது. உரிமைகள் இவ்வாறு வந்தன. ஆனால் கேளாதவர்க்கு அவற்றால் பயனில்லை.

இளைஞர்களே! உங்கள் தாய்தந்தையர் கையாளும் டப்பாவில் அச்சிட்டிருப்பதை இன்றிரவே படித்து, அவர்களுக்கு விளங்கச் சொல்லுங்கள். படித்ததன் பயன் அங்கே தொடங்கட்டும்.