உடம்பு வைக்கிறது தீனியால் மட்டுமா?

(எமது சங்கத்தின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் வைத்தியன் அல்ல. ஊரில் உயர்தரத்தில் உயிரியல் படித்தனான், இஞ்சை பக்டறியில் பெட்டி அடுக்கிறன். என்ரை உடம்பில் நடந்ததையும், பிறகு தேடி வாசித்ததையும்தான் சொல்லப் போறன்.

2013 இல் ஜேர்மனிக்கு வந்தபோது நான் 58 கிலோ. அகதிகள் ஹைமில் முதல் மாதம் சாப்பாடே இறங்கவில்லை. தட்டைப் பார்த்தால் வயிறு புரட்டும். பிறகு வழக்கு நிராகரிக்கப்பட்டு, மேன்முறையீடு போட்டுவிட்டுக் காத்திருந்த வருஷங்களில் 79 கிலோ ஆனேன். "உவனுக்கென்ன கவலை, திண்டு கொழுத்திட்டான்" எண்டு எங்கட ஆக்களே சொல்லிச்சினம். அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "இப்பதான் மோனை வடிவா இருக்கிறாய்" எண்டு சந்தோஷப்பட்டா. அவவுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை.

ஒரே கவலைதான். முதலில் மெலிய வைத்தது, பிறகு கொழுக்க வைத்தது. எப்படி?

எங்கள் சிறுநீரகங்களுக்கு மேலே தொப்பி மாதிரி அதிரீனல் சுரப்பிகள் இருக்கின்றன. திடீரென்று பயம் வந்தால் அவை அதிரீனலின் என்ற ஓமோனைச் சுரக்கும். நெஞ்சு அடிக்கும், இரத்தம் தசைகளுக்குப் பாயும், வயிற்றின் வேலை குறையும். 2009 இல் வன்னியில் இருந்த ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. செல் கூவிக்கொண்டு வந்த நிமிஷத்தில் ஆருக்குப் பசி தெரிந்தது?

ஆனால் பயம் மாதக்கணக்காய் நீண்டால் கதை வேறு. அதே சுரப்பிகளில் இருந்து வருகிற கோட்டிசோல் கூடுதலாய் நிற்கும். அது ஈரலில் இருந்து குளுக்கோசை இரத்தத்துக்கு விடப் பண்ணும், இன்சுலினின் வேலையை மந்தமாக்கும், பசியைக் கிளப்பும். அதுவும் கீரைக்கும் மீனுக்கும் அல்ல, இனிப்புக்கும் எண்ணெய்ப் பலகாரத்துக்கும். சேருகிற கொழுப்பு முக்கியமாய் வயிற்றைச் சுற்றித்தான் படியும். செல்லுக்கும் கடிதத்துக்கும் உடம்புக்கு வித்தியாசம் தெரியாது. ஓடு எண்டு சக்தியைத் தருது. நாங்களோ ஓடாமல் தபால்பெட்டியைப் பார்த்துக்கொண்டு இருக்கிறம். (எல்லாருக்கும் இப்படி இல்லை. என்னோடு ஹைமில் இருந்த அண்ணர் கடைசிவரை மெலிஞ்சுகொண்டே போனார்.)

2017 இல் விசா கிடைத்தது. வயிறு அப்படியே நிண்டது! காரணம் இரவு வேலை. பகலில் நாலு மணித்தியாலம்தான் நித்திரை. 2004 இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தார் 12 இளைஞர்களை இரண்டு இரவு நாலு மணித்தியாலமும், வேறு இரண்டு இரவு பத்து மணித்தியாலமும் படுக்கையில் இருக்க விட்டுப் பார்த்தார்கள். நித்திரை குறைந்தபோது, 'போதும்' எண்டு சொல்கிற லெப்ரின் 18 வீதம் குறைவு. பசியைத் தூண்டுகிற கிரெலின் 28 வீதம் கூட. இரவு இரண்டு மணி இடைவேளையில் நான் சொக்கிலேற் மெசினில் காசு போட்டது சும்மா வாய்க்கொழுப்பால் இல்லை எண்டு அதை வாசித்த பிறகுதான் ஆறுதல் வந்தது.

வைத்தியர் இடுப்பை அளந்தார், 101 சென்ரிமீற்றர். எங்கள் தெற்காசிய ஆக்களில் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 வந்தாலே கவனம் வேணும், சலரோகம் வெள்ளைக்காரரை விட எங்களுக்குக் கெதியாய் வரும் எண்டார். தைரொயிட்டுக்கும் இரத்தம் எடுத்தார். காரணம் தெரியாமல் உடம்பு ஏறினாலும் இறங்கினாலும் அதைப் பார்க்கத்தான் வேணுமாம்.

சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை எண்டு பகல் வேலைக்கு மாறினேன். மனிசி இரண்டு மாதம் கதைக்கேல்லை, கடன் இருந்தது. ஏழு மணித்தியாலம் நித்திரை, வேலை முடிய நடந்து வீடு. சோற்றை விடேல்லை, பாதியாக்கினேன். ஒன்றரை வருஷத்தில் 72 கிலோ. போன மாதம் அம்மா வீடியோவில் பார்த்திட்டு, "என்ன மோனை வாடிப்போனாய், அங்கை ஏதும் பிரச்சினையோ?" எண்டு அழுதா.

கேள்வி இருந்தால் தேத்தண்ணி நேரத்தில் கேளுங்கோ. பின்னுக்கு றோல்ஸும் பற்றீஸும்தான் அடுக்கியிருக்கு, நானும் ஒண்டு எடுக்கத்தான் போறன்.