கொடுப்பதற்கென்றே வளர்க்கும் குட்டி

நெரிசலான சாலையில் பார்வையற்றவருக்கு வழிகாட்டும் நாய் முதலில் எங்கே வளர்கிறது தெரியுமா? ஒரு சாதாரணக் குடும்பத்தின் வீட்டில்.

1929-ல் தொடங்கிய ‘தி சீயிங் ஐ’ என்ற பயிற்சிப் பள்ளி இன்று அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் இருக்கிறது. அங்கே பிறக்கும் குட்டிகளை, இரண்டு மாதம்கூட நிரம்பாத வயதில், தன்னார்வக் குடும்பங்கள் வாங்கி வளர்க்கின்றன. உட்கார், வா, இரு என்று சில கட்டளைகளைப் பழக்குவார்கள். அதைவிட முக்கியம், குட்டிக்கு உலகத்தைக் காட்டுவது. ரயில் சத்தம், மாடிப்படி, கடைத்தெருக் கூட்டம், ஓடிவரும் குழந்தைகள் என எல்லாமே பழக வேண்டும். எதற்கும் மிரளாத நாய் இப்படித்தான் உருவாகிறது.

ஒரு வயது தாண்டியதும் பள்ளிக்குத் திரும்பும். அங்கே சில மாதப் பயிற்சி. அதில் என்னை வியக்க வைப்பது, கட்டளையை மீறவும் கற்றுத்தருவதுதான். ‘முன்னே போ’ என்று சொன்னாலும், வண்டி வந்தால் நாய் அசையாமல் நிற்க வேண்டும்!

எல்லா நாய்களும் தேறுவதில்லை. தேறாத நாயை, விரும்பினால், வளர்த்தவர்களே வைத்துக்கொள்ளலாம். தேறிய நாயோ முன்பின் தெரியாத ஒருவரோடு போய்விடும். எவ்வளவு பெரிய மனசு வேண்டும் அதற்கு! அழுதுகொண்டே வழியனுப்பியவர்களில் பலர், அடுத்த குட்டியையும் கேட்டு வாங்கிப் போகிறார்கள்.