மணல் கொடுத்த கவசம், மணல் தின்னும் கவசம்



பழவங்காடிப் பிள்ளையாருக்கு விடலை போடும் சத்தம் கேட்டுக்கொண்டே மேடையேறினேன். தேங்காய்க்கு ஒரே அடி போதும். நான் பேச வந்த பொருளோ அடிபட்டு உடைவதில்லை. சுட்டு ஆறி, சுட்டு ஆறி உதிர்வது.

பாட்டி வீட்டு எனாமல் தட்டு ஞாபகம் இருக்கிறதா? இரும்பின்மேல் கண்ணாடிப் பூச்சு. விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்தால் போதும், அங்கே துரு ஏறிப் பக்கத்துப் பூச்சையும் கிளப்பிவிடும். சங்குமுகத்தில் நம் தலைக்குமேல் இறங்குகிறதே விமானம், அதன் எஞ்சினுக்குள்ளும் ஏறக்குறைய அதே கதைதான்.

அந்த எஞ்சினில் டர்பைன் பிளேடைச் சுற்றி ஓடும் வாயு, நிக்கல் கலப்புலோகம் உருகும் சூட்டையும் தாண்டியது. ஆனாலும் பிளேடு உருகவில்லை. உள்ளே துளைகள் வழியே காற்று ஓடுகிறது. வெளியே கால் மில்லிமீட்டர் கனத்தில் ஒரு பீங்கான் போர்வை: சிர்க்கோனியா, அதோடு எடைக்கு ஏழெட்டு சதவீதம் யிட்ரியா.

அது ஏன் உதிர்கிறது? சூட்டில் உலோகம் அதிகம் விரியும், பீங்கான் குறைவாக விரியும். ஒத்துப்போகாத இந்த இருவரையும் சேர்த்து வைக்கப் பூச்சையே பிளந்து வைத்தார்கள். எலக்ட்ரான் கற்றையால் ஆவியாக்கிப் படியவைத்தால் அது நுண்ணிய தூண்களாக வளர்கிறது. பனந்தோப்பு காற்றில் விலகி நெருங்குவதுபோல, தூண்கள் விலகிக் கொடுக்கின்றன. ஒரே பாளமாக இருந்தால் சீக்கிரமே கொட்டியிருக்கும்.

இன்னொரு வம்பு உண்டு. சிர்க்கோனியா சூட்டைத் தடுக்கும், ஆக்சிஜனைத் தடுக்காது. அதனால் அடியிலுள்ள உலோகத்தின்மேல் அலுமினா படலம் வளர்கிறது. மெல்லியதாக இருக்கும்வரை அது காவல், தடித்தால் பூச்சையே தள்ளிவிடும். உலோகத்தில் பத்து லட்சத்தில் சில பங்கு கந்தகம் இருந்தாலே அந்தப் படலத்தின் பிடி தளரும். உப்பு கூடினால் குழம்பு கெடும், தெரியும். இங்கே கெடுதல் நாக்குக்கே எட்டாத அளவில் நடக்கிறது!

இனி மணலுக்கு வருகிறேன். 1982 ஜூன் 24 இரவு, கோலாலம்பூரிலிருந்து பெர்த் போன பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ விமானம், ஜாவாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் புகுந்தது. நான்கு எஞ்சின்களும் நின்றன. சாம்பல் உள்ளே உருகி ஒட்டிக்கொண்டது. விமானம் கீழிறங்கியபோது அது இறுகி உதிர்ந்து, எஞ்சின்கள் மறுபடி ஓடின. அத்தனை பேரும் ஜகார்த்தாவில் உயிரோடு இறங்கினார்கள்.

அது எரிமலை. பாலைவனத் தூசி, ஓடுபாதைப் புழுதிகூட 1,200 டிகிரியைத் தாண்டினால் கண்ணாடியாக உருகும். உருகியது தூண்களின் சந்துகளில் ஊறி, ஆறும்போது கெட்டித்துவிடும். எந்த இடைவெளி பூச்சைக் காத்ததோ, அதே இடைவெளிதான் பகைவனுக்கு வாசல்.

இந்தச் சிர்க்கோனியாவின் மூலமும் மணலே. சவறாவிலிருந்து மணவாளக்குறிச்சிவரை நம் கரையின் கருமணலில் சிர்க்கான் இருக்கிறது. அதிலிருந்து அணு உலைகளுக்கான சிர்க்கோனியம் எடுக்கத் தூத்துக்குடிப் பக்கம் பழையகாயலில் ஆலை வைத்திருக்கிறோம். மணல் என்றாலே நமக்கு வழக்கும் தகராறும்தான் நினைவுக்கு வரும். கரைமணல் அள்ளுவது பற்றிய மீனவர்களின் கவலையில் நியாயம் உண்டு. அதைத் தட்டிக்கழிக்க நான் வரவில்லை. ஆனால் மணலுக்குள் ஒரு கைவினையும் ஒளிந்திருக்கிறது.

சரி, உருகிய தூசியைத் தடுக்க வழி என்ன? காடோலினியம் சிர்க்கோனேட் என்றொரு பீங்கான் இருக்கிறது. உருகிய தூசி பட்டவுடன் அதோடு வினைபுரிந்து, படிகமாகி, சந்துகளை வாசலிலேயே அடைத்துவிடும். ஆனால் அடியிலுள்ள அலுமினாவோடு அதற்கு ஒத்துவராது. அதனால் கீழே பழைய பூச்சு, மேலே புதியது என்று இரண்டடுக்காகப் போடுகிறார்கள்.

மறுபடி நம் கரை மணலுக்கே வருகிறேன். 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூர்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டு என்ற கனிமத்தைக் கண்டார். அப்போது அதிலுள்ள தோரியம் காஸ் விளக்கின் மேன்டிலுக்கு வேண்டியிருந்தது. நம் கல்யாணப் பந்தல்களில் பெட்ரோமாக்ஸ் உஸ்ஸென்று எரிந்ததே, அதற்குள் தொங்கிய வெள்ளைக் கூடு! அதுவும் சூடு தாங்கும் பீங்கான்தான்.

கிழக்கே கோட்டையில் பஸ் ஏறினால் பாப்பனங்கோடு கொஞ்ச தூரம். அங்குள்ள சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வுக்கூடத்தில் லாந்தனம் பாஸ்பேட் பீங்கானைப் பற்றி ஆராய்ந்திருக்கிறார்கள். சூட்டை எளிதில் கடத்தாத பொருள். அதன் படிக அமைப்பு, ஷோம்பர்க் கயிற்று மணலில் கண்ட அதே மோனசைட்டினுடையது.