பேசப் போனவர்கள்



ஆயுதம் ஏந்திப் பிரிவினை கேட்பவர்களோடு ஓர் அரசு உட்கார்ந்து பேசுவது ஏன் இத்தனை கடினமாக இருக்கிறது? இந்தோனேசியாவின் ஆச்சே மாநிலத்தை வைத்து இதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

அங்கே 1976-இல் ஹசன் டி டீரோ சுதந்திர ஆச்சே இயக்கத்தைத் தொடங்கினார். அருண் வயலில் எரிவாயு பொங்கிக்கொண்டிருந்தது. பணமெல்லாம் ஜகார்த்தாவுக்குப் போனது. அந்தக் குமுறல்தான் காட்டுக்குள் துப்பாக்கியாக மாறியது. கால் நூற்றாண்டு ரத்தத்துக்குப் பிறகு, 2002 டிசம்பரில் ஒரு போர்நிறுத்தம். ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை. 'சிறப்புத் தன்னாட்சியை ஒத்துக்கொள், ஆயுதத்தைக் கீழே போடு' என்றது அரசு. 'விடுதலையை விட மாட்டோம்' என்றது இயக்கம். பேசிப் பேசிக் கடைசியில் வந்து சேர வேண்டிய இடத்தை, இருவரும் வாசற்படியிலேயே கேட்டார்கள்!

அதைவிடப் பெரிய கொடுமை ஒன்று நடந்தது. 2003 மே மாதம் டோக்கியோவில் கடைசிப் பேச்சு. அதற்கு ஆச்சேயிலிருந்து புறப்பட்ட இயக்கத்தின் பேச்சாளர்கள் ஐந்து பேரைக் காவல்துறை வழியிலேயே பிடித்தது. பேச்சு முறிந்தது. மே 19-இல் இராணுவச் சட்டம். பிறகு அந்த ஐவருக்கும் துரோகக் குற்றத்தின் பேரில் நீண்ட சிறை. தூதுவனைக் கொல்லக்கூடாது என்று இராவணன் அவையிலேயே எழுந்து சொல்ல ஒரு வீடணன் இருந்தான். ஜகார்த்தாவில் அப்படி எழுந்த குரல் எதுவும் எடுபடவில்லை.

பேசப் போனால் சிறை என்று தெரிந்த பிறகு, அடுத்த முறை யார் வருவார்?

வந்தார்கள். 2005 ஜனவரியில், ஹெல்சிங்கிக்கு. அதற்கு முந்தைய மாதம் ஆச்சேயைத் தாக்கிய சுனாமிதான் சமாதானம் கொண்டுவந்தது என்பார்கள், நான் ஏற்கமாட்டேன். துணை அதிபர் யூசுப் கல்லா அலைக்கு முன்பே தூது விட்டிருந்தார். அதே அலை இலங்கையின் கிழக்குக் கரையையும் அடித்தது. அங்கே நிவாரணத்தைச் சேர்ந்து செய்ய அரசும் புலிகளும் போட்ட உடன்பாட்டின் முக்கியப் பகுதிகளுக்கு, அடுத்த மாதமே உச்சநீதிமன்றம் தடை விதித்தது. கடல் பிணங்களைத்தான் கொடுத்தது. சமாதானத்தை மனிதர்கள்தான் செய்ய வேண்டியிருந்தது.

ஹெல்சிங்கியில் பின்லாந்தின் முன்னாள் அதிபர் மார்த்தி அத்திசாரி நடுவில் அமர்ந்தார். இயக்கம் 'விடுதலை' என்ற சொல்லை இறக்கி வைத்தது. ஆச்சே மக்கள் தங்களுக்கென்று கட்சி தொடங்கலாம் என்பதற்கு அரசு கடைசிச் சுற்றில்தான் இசைந்தது. எரிவாயு வருவாயில் 70 விழுக்காடு ஆச்சேக்கு என்றானது. 2005 ஆகஸ்ட் 15-இல் கையெழுத்து. ஆண்டு முடிவதற்குள் 840 ஆயுதங்கள் ஒப்படைப்பு. சிறையில் இருந்தவர்களுக்குப் பொதுமன்னிப்பு. சுனாமி நீர் புகுந்த சிறையிலிருந்து கூரையை உடைத்துத் தப்பிய இயக்கத்தவர் இர்வாண்டி யூசுப், உடன்பாட்டுக்கு மறு ஆண்டே தேர்தலில் வென்று, பிறகு ஆளுநரானார்.

பெரியோர்களே, தாய்மார்களே! பேசப் போகிறவனை எதிரி சந்தேகிப்பான். சொந்த வீட்டிலும் அவனுக்குத் துரோகி என்றுதான் பெயர். நீங்கள் எந்தப் பக்கம் நிற்பவராக இருந்தாலும் சரி, உங்கள் பக்கத்திலிருந்து பேசப் புறப்படுகிறவன்மேல் அந்தச் சொல்லை வீசாதீர்கள். அவன் திரும்பி வரும்வரையாவது காத்திருங்கள்.